ஃபீனிக்ஸ் வெளிச்சங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1997 மார்ச் 13, வியாழக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தலைநகர் ஃபீனிக்ஸையும் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்ந்த ஏராளமானோர் அன்றிரவு வானத்தில் வரிசையாகச் சில வெளிச்சங்களைப் பார்த்தார்கள். பறக்கும் தட்டுக் கதைகளில் இவ்வளவு பேர் ஒரே இரவில் பார்த்ததாகச் சொல்லப்படும் சம்பவங்கள் மிகக் குறைவு. அதனால்தான் இத்தனை வருடங்கள் கழித்தும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இது சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும், என் பதில்களும் இங்கே.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

ஒன்றல்ல, இரண்டு சம்பவங்கள் நடந்தன. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது இரவு எட்டு மணியை ஒட்டியது. ‘வி’ வடிவில் அமைந்த ஐந்தாறு வெளிச்சங்கள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக மாநிலத்தைக் கடந்து போயின. பக்கத்து மாநிலமான நெவாடாவின் ஹெண்டர்சன் நகரிலிருந்து முதல் தகவல் வந்தது. அப்போது அரிசோனா நேரப்படி எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. இருபது நிமிடத்தில் அரிசோனாவின் வடபகுதியில் உள்ள பால்டன், பிரெஸ்காட் பகுதி மக்கள் பார்த்தார்கள். எட்டரை வாக்கில் ஃபீனிக்ஸ், எட்டே முக்காலுக்கெல்லாம் தெற்கே டூசான்.

இரண்டாவது இரவு பத்து மணிக்கு. ஃபீனிக்ஸுக்குத் தென்மேற்கே, தொடுவானத்துக்குச் சற்று மேலே, மஞ்சள் கலந்த வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, ஒரு வில் போல வரிசை கட்டி நின்று, பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன.

இனி இவற்றை எட்டு மணிச் சம்பவம், பத்து மணிச் சம்பவம் என்றே சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றேதான் என்கிறார்களே?

எப்படி ஒன்றாகும்? எட்டு மணிக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் தலைக்கு மேலேயோ பக்கத்திலோ ‘கடந்து போனது’ என்கிறார்கள். பத்து மணி வெளிச்சங்கள் நகரவே இல்லை. முதலாவது மாநிலம் முழுக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குத் தெரிந்தது; இரண்டாவதை ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரே திசையில் பார்த்தார்கள். இடையில் ஒன்றரை மணி நேர இடைவெளி வேறு.

இரண்டையும் சேர்த்துக் குழப்பியது பெரும்பாலும் டிவி நிகழ்ச்சிகள்தான். எட்டு மணிக்குப் பார்த்தவரைப் பேச வைப்பார்கள்: “கால்பந்து மைதானம் அளவுக்கு இருந்தது, சத்தமே இல்லாமல் என் வீட்டுக்கு மேலே போனது” என்கிற ரகத்தில் அவர் சொல்வார். அவர் பேசும்போது திரையில், பத்து மணிச் சம்பவத்தை ஊர்க்காரர்கள் எடுத்த வீடியோ ஓடும். பார்க்கிற நமக்கு அவர் சொல்வதும் நாம் பார்ப்பதும் ஒன்று என்றே தோன்றும். அப்புறம் ஒருவர் வந்து “இந்த வீடியோவில் இருப்பது ராணுவம் போட்ட வெளிச்சக் குண்டு” என்று நிரூபித்தால், “அப்போ என் தலைக்கு மேலே போனது வெளிச்சக் குண்டா?” என்று முதலாமவர் கோபப்படுவார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் எதிராளி சொன்னதும் சரிதான். ஃபீனிக்ஸ் பற்றிய வாக்குவாதங்களில் முக்கால்வாசி இந்த ஒரு முடிச்சில்தான் சிக்கிக் கிடக்கிறது.

அந்தப் பிரபலமான வீடியோவில் இருப்பது என்ன?

ராணுவ விமானங்கள் போட்ட பாராசூட் வெளிச்சக் குண்டுகள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரவில் தரையில் இருக்கும் இலக்கைப் பார்ப்பதற்காக விமானத்திலிருந்து போடுகிற விளக்கு இது. அமெரிக்க விமானப்படை பயன்படுத்தும் எல்யுயு-2 என்ற வகை மூன்றடி நீளம், சுமார் 13 கிலோ எடை. உள்ளே மக்னீசியம் கலவை. விமானத்திலிருந்து விழுந்ததும் பாராசூட் விரியும், கலவை பற்றிக்கொள்ளும், நாலைந்து நிமிடம் எரியும். ஏறத்தாழ 18 லட்சம் மெழுகுவர்த்திகளின் ஒளி. ஈழத்தில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இவ்வளவு விளக்கமே வேண்டாம். ‘பரா லைற்’ என்றால் போதும்; இரவைப் பகலாக்கிக்கொண்டு வானத்தில் தொங்கும் அந்த வெளிச்சத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

“குண்டு கீழே விழ வேண்டாமா, இது அப்படியே நிற்கிறதே?” என்பார்கள். விழத்தான் செய்கிறது. வினாடிக்கு இரண்டரை மீட்டர் அளவில்தான். எரியும் சூடு மேலே போய்ப் பாராசூட்டையும் தாங்கிப் பிடிக்கும். ஐந்து நிமிடம் எரிந்தாலும் முக்கால் கிலோமீட்டர்தான் இறங்கும். நூறு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த இறக்கம் முழுநிலாவின் அகலம்கூட இருக்காது. அவருக்கு அது நின்ற இடத்தில் நிற்பது போலத்தான் தெரியும்.

வெளிச்சக் குண்டுதான் என்பதற்கு ஆதாரம்?

இரண்டு வழிகளில் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

முதலாவது, போட்டவர்களே சொன்னது. மேரிலாந்து மாநில வான் தேசியக் காவல் படையின் 104ஆவது போர் விமானப் பிரிவு அந்தச் சமயத்தில் பயிற்சிக்காக அரிசோனா வந்து, டூசானில் உள்ள டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளத்தில் தங்கியிருந்தது. குளிர்காலத்தில் பனி பெய்யும் மாநிலங்களின் படைப் பிரிவுகள் வெயில் அடிக்கும் அரிசோனாவுக்கு வந்து பயிற்சி எடுப்பது வழக்கம். அந்தத் திட்டத்துக்கு ‘ஆபரேஷன் ஸ்னோபேர்ட்’ என்று பெயர். அன்றிரவு அவர்களுடைய ஏ-10 விமானங்கள் ஃபீனிக்ஸுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் உள்ள பாரி கோல்ட்வாட்டர் பயிற்சி மைதானத்தில் பயிற்சியை முடித்துவிட்டு, மிச்சம் இருந்த வெளிச்சக் குண்டுகளை வழக்கத்தைவிட அதிக உயரத்தில் போட்டுவிட்டுத் திரும்பின. உயரம் அதிகம் என்பதால்தான் அவ்வளவு தொலைவிலிருந்த நகரத்துக்கும் தெரிந்தது.

இரண்டாவது, மலை. ஃபீனிக்ஸுக்கும் அந்த மைதானத்துக்கும் நடுவில் சியரா எஸ்த்ரேயா என்ற மலைத்தொடர் இருக்கிறது. இரவு வீடியோவில் அது இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடுவதால், வெளிச்சங்கள் மலைக்கு இந்தப் பக்கம், நகரத்துக்கு மேலேயே நிற்பது போலத் தோன்றும். காக்னிடெக் என்ற படப் பகுப்பாய்வு நிறுவனம் அதே இடத்தின் பகல் காட்சியை இரவு வீடியோவோடு பொருத்திப் பார்த்தது. ஒவ்வொரு வெளிச்சமும் சரியாக மலைமுகட்டின் கோட்டைத் தொடும்போதுதான் மறைகிறது. முகடு உயரமாக இருக்கும் இடத்தில் சீக்கிரம், தாழ்வான இடத்தில் தாமதமாக. நகரத்துக்கு மேலே மிதந்த விண்கப்பல் ஒன்று ஒவ்வொரு விளக்காக அணைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத மலையின் வடிவத்துக்கு ஏற்றபடி அணைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

ஒரு தனியார் ஆய்வகம் வீடியோவை ஆராய்ந்து, ‘இது வெளிச்சக் குண்டின் ஒளியே அல்ல’ என்று சொன்னதாகவும் படித்திருப்பீர்கள். ஒளியின் நிறமாலையை, அதாவது ஒளியைப் பிரித்தால் தெரியும் நிற வரிசையைப் பார்த்து எது எரிகிறது என்று சொல்ல முடியும், அது உண்மை. ஆனால் அதற்கு நிறமாலைமானி வழியாக அந்த ஒளியையே வாங்கியிருக்க வேண்டும். வீட்டு கேமராவின் வீடியோ நாடாவில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கலவை அளவுகள்தான் இருக்கின்றன. நாடாவிலிருந்து நிறமாலையை எடுத்தேன் என்பது நடக்காத காரியம்.

அப்படியானால் ராணுவம் ஏன் உடனே சொல்லவில்லை?

ஃபீனிக்ஸை ஒட்டி லூக் விமானப்படைத் தளம் இருக்கிறது. மக்கள் முதலில் அங்கேதான் போன் அடித்தார்கள். ‘எங்கள் விமானம் எதுவும் இல்லை’ என்றார்கள் அவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சரியான பதில். வந்தது வேறு மாநிலப் படை, தங்கியது வேறு தளத்தில். யாருக்கும் அடுத்த வீட்டு விருந்தாளியின் கணக்கு தெரியவில்லை. அரிசோனா தேசியக் காவல் படையின் செய்தித் தொடர்பு அதிகாரி ஒருவர் விசாரித்து மேரிலாந்து பிரிவைக் கண்டுபிடித்தபோது ஜூலை மாதம் ஆகிவிட்டது.

நாலு மாதம் கழித்து வரும் எந்த விளக்கத்தையும் ஜனங்கள் ‘மூடி மறைக்கிறார்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இதில் ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, எட்டு மணிக்குப் போனது என்ன?

உண்மையான கேள்வி இதுதான். என் பதில்: உயரத்தில் அணிவகுத்துப் பறந்த விமானங்கள். ஆனால் பத்து மணிச் சம்பவத்தைப் போல அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ‘அது எங்கள் விமானங்கள்தான்’ என்று எந்தப் படைப் பிரிவும் அதிகாரபூர்வமாக முன்வரவில்லை.

பிறகு ஏன் விமானம் என்கிறேன்? அன்றைக்கு ஃபீனிக்ஸ் பகுதியில் 21 வயது இளைஞர் ஒருவர் தன் வீட்டில் தொலைநோக்கியோடு நின்றிருந்தார். வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு. பத்து அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் வகை தொலைநோக்கி; பொழுதுபோக்காளர்கள் கையில் அது பெரிய கருவிதான். வெளிச்சங்கள் வந்தபோது அதைத் திருப்பி அவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தார். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த ஒவ்வொரு வெளிச்சமும் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்தது. சதுர முனை கொண்ட இறக்கைகள் தெரிந்தன. பக்கத்தில் நின்ற அம்மா என்ன அது என்று கேட்டதற்கு, விமானங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிரவு அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்ததாகத் தெரியவந்த ஆள் அவர் ஒருவர்தான். ஊரே பேசத் தொடங்கிய பிறகு அவர் சொல்லப் போனபோது கேட்க ஆளில்லை. கடைசியில் ‘ஃபீனிக்ஸ் நியூ டைம்ஸ்’ வார இதழின் நிருபர் டோனி ஒர்டேகாதான் அதை எழுதினார்.

இன்னொன்று, எட்டு மணிச் சம்பவத்துக்கும் ஒரு வீடியோ உண்டு. பத்து மணி வீடியோ அளவுக்கு அழகாக இல்லாததால் அதை யாரும் காட்டுவதில்லை. அதில் வெளிச்சங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறிக்கொண்டே வருகிறது. ஒரே பொருளில் பதித்த விளக்குகள் என்றால் இடைவெளி மாறாது. தனித்தனியாகப் பறப்பவை என்றால் மாறும்.

ஒரு சாட்சியை வைத்து எப்படி முடிவு கட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். தொலைநோக்கியில் பார்த்த ஒருவரின் சொல்லுக்கு, வெறும் கண்ணால் பார்த்த நூறு பேரின் சொல்லைவிட இந்த விஷயத்தில் எடை அதிகம். நூறு பேரும் பார்த்தது புள்ளி புள்ளியான வெளிச்சத்தை மட்டும்தான்.

மெதுவாக ஊர்ந்து போனது என்று எல்லோரும் சொல்கிறார்களே? விமானம் அப்படிப் போகுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பால்டனில் எட்டேகால், டூசானில் எட்டே முக்கால். நேர்க்கோட்டில் சுமார் 320 கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் அதைக் கடக்க மணிக்கு 640 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஹெண்டர்சனிலிருந்து கணக்கு வைத்தாலும் கிட்டத்தட்ட இதே வேகம்தான் வருகிறது. இது ஊர்கிற வேகமா என்ன? ஜெட் விமானம் போகிற வேகம்.

அப்படியானால் மெதுவாகத் தெரிந்தது ஏன்? உயரத்தில் போனதால். இருட்டில் ஒரு வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தூரம் தெரியாவிட்டால் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. மூன்றும் சேர்ந்தே தப்பாகும். தாழ்வாகப் போகிறது என்று மனம் முடிவு செய்துவிட்டால், அதே கணக்கில் ‘மெதுவாகப் போகிறது’ என்றும் முடிவு செய்யும். சாட்சிகள் சொன்ன உயரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது: வீட்டுக் கூரைக்கு மேலே என்பவரும் உண்டு, ரொம்ப உயரத்தில் என்பவரும் உண்டு. ஆனால் நேரமும் ஊரும் பொய் சொல்வதில்லை. ஒரே பொருள் நிஜமாகவே கூரைக்கு மேலே ஊர்ந்து போயிருந்தால் அரை மணியில் டூசானை எட்டியிருக்க முடியாது.

நடுவில் கறுப்பாக ஒரு உடல் இருந்தது, நட்சத்திரங்களை மறைத்தது என்கிறார்களே?

சிலர் அப்படித்தான் சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனித மூளை புள்ளிகளைச் சும்மா விடாது. மூன்று புள்ளி கிடைத்தால் முக்கோணம் வரைந்துவிடும், நடுவில் உள்ள இருட்டை அந்த முக்கோணத்தின் உடம்பாக்கிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் 1968 மார்ச் 3 அன்று நடந்தது. சோவியத் ஒன்றியம் அனுப்பிய ஸாண்ட்-4 விண்கலத்தின் ராக்கெட் பாகங்கள் எரிந்துகொண்டே அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வானத்தைக் கடந்தன. டென்னசி, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் பலரும் பார்த்தார்கள். அது என்ன என்பது நமக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் பார்த்தவர்களில் சிலர் எழுதி அனுப்பியது: சுருட்டு வடிவக் கப்பல், வரிசையாகச் சதுர ஜன்னல்கள், உள்ளேயிருந்து வெளிச்சம். தாழ்வாகப் போனது, சத்தமில்லை. எரிகிற துண்டுகள் ஜன்னல்களாகிவிட்டன, துண்டுகளுக்கு நடுவில் இருந்த இருட்டு கப்பலாகிவிட்டது. அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வின் அறிக்கையில் இது விரிவாகவே இருக்கிறது.

1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கிலும் இதே கதை. பல வருடம் ‘பூமராங் வடிவக் கப்பல்’ என்று மக்கள் பரபரத்தார்கள். ஸ்டார்ம்வில் என்ற சிறிய விமான நிலையத்தைச் சேர்ந்த பைலட்கள் சிலர் தங்கள் சிறு விமானங்களை இரவில் நெருக்கமாக அணிவகுத்து ஓட்டியதுதான் அதில் பெரும்பகுதி.

சத்தம் ஏன் கேட்கவில்லை?

உயரத்தில் போகும் ஜெட்டின் சத்தம், பேசிக்கொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் இருப்பவர் காதில் பல நேரம் விழாது. மேலும் ஹெண்டர்சனில் பார்த்தவர் காற்று இரைவது போல ஒரு ஓசை கேட்டதாகவே சொன்னார். ‘முழு நிசப்தம்’ என்பது பின்னால் கதையில் ஒட்டிக்கொண்டது.

ரேடாரில் எதுவும் விழவில்லையாமே?

விநோதமாக எதுவும் விழவில்லை என்பதுதான் சொல்லப்பட்டது. பயணிகள் விமான நிலையத்தின் திரையில் கட்டுப்பாட்டாளர் முக்கியமாகப் பார்ப்பது, விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி அனுப்பும் பதிலை. அணிவகுத்துப் பறக்கும்போது முன்னே போகும் விமானம் மட்டும் அந்தக் கருவியை இயக்குவது வழக்கம். ஐந்து விமானமும் திரையில் ஒரே அடையாளமாகத்தான் தெரியும். வழக்கமான ஒரு அடையாளத்தை யாரும் விநோதம் என்று குறித்து வைக்கப் போவதில்லை. ஒரு மைல் அகலக் கப்பல் நகரத்துக்கு மேலே நிஜமாகவே மிதந்திருந்தால்தான் ரேடாரில் விழாதது புதிராகியிருக்கும்.

கவர்னரே பார்த்தார் என்கிறார்களே, உண்மையா?

அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார், ஆனால் பத்து வருடம் கழித்து. ஃபைஃப் சைமிங்டன் அப்போது அரிசோனா கவர்னர். நம் ஊர் ஆளுநர் மாதிரி இல்லை. அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் மாதிரி.

சம்பவம் நடந்த மூன்று மாதம் வரை இது பெரும்பாலும் உள்ளூர்ச் செய்திதான். ஜூன் 18 அன்று ‘யுஎஸ்ஏ டுடே’ முதல் பக்கத்தில் போட்டதும் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. விசாரிப்போம் என்று மறுநாள் சொன்னார் சைமிங்டன். அன்றே பத்திரிகையாளர்களைக் கூட்டி, ‘காரணமானவரைக் கண்டுபிடித்துவிட்டோம்’ என்று அறிவித்தார். கையில் விலங்கு மாட்டி அழைத்து வரப்பட்டது, வேற்றுக்கிரகவாசி வேஷம் போட்ட அவருடைய தலைமை உதவியாளர். ஹாலில் சிரிப்பு. நிஜமாகவே பயந்துபோய் பதில் தேடியவர்களுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் வேறொரு நிதி மோசடி வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வந்து அவர் பதவி விலகினார். 1999இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2001இல் அதிபர் கிளின்டன் மன்னிப்பும் கொடுத்தார். பிறகு 2007இல், ‘அன்றிரவு நானும் பார்த்தேன், பிரம்மாண்டமான முக்கோண வடிவம், மனிதர் செய்ததாகத் தெரியவில்லை’ என்று அறிவித்தார். தான் முன்னாள் விமானப்படை அதிகாரி, விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு ஏன் கேலி செய்தீர்கள் என்றால், மக்கள் பீதியடையாமல் இருக்க என்றார்.

என் அபிப்பிராயம்: பத்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அந்தக் கதை உலகப் புகழ் பெற்ற பிறகு வரும் சாட்சியம், அதைச் சொல்வது கவர்னரே ஆனாலும் எடை குறைவுதான்.

அவரைவிட எனக்கு மரியாதை வருவது ஃபிரான்சஸ் பார்வுட் மேல். ஃபீனிக்ஸ் நகர மன்ற உறுப்பினர். மே மாதக் கூட்டமொன்றில், ‘இது என்ன என்று யாராவது விசாரிக்கக் கூடாதா?’ என்று கேட்டார், அவ்வளவுதான். பத்திரிகைகள் கிண்டல் செய்து தள்ளின. எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளோடு பேசியதாகவும், அரசுத் தரப்பில் அவர்களில் ஒருவரைக்கூட யாரும் விசாரிக்கவில்லை என்றும் அவர் சொன்னார். 1998இல் மாநிலச் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றார். அவர் கேட்ட கேள்விக்கு மார்ச் மாதமே பதில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இவ்வளவு வளர்ந்திருக்காது.

நடிகர் கர்ட் ரஸ்ஸலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அவர் விமானம் ஓட்டுவார். அன்றைக்குத் தன் விமானத்தில் ஃபீனிக்ஸில் இறங்கும்போது ‘வி’ வடிவில் ஆறு வெளிச்சங்களைப் பார்த்ததாகவும், கட்டுப்பாட்டு அறையைக் கேட்டதாகவும் 2017இல் பிபிசி பேட்டியில் சொன்னார். பார்த்ததைச் சொன்னார், அது வேற்றுக்கிரகக் கப்பல் என்று சொல்லவில்லை.

ஒரே நாளில் அத்தனை பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எப்படி?

ஹேல்-பாப் வால்நட்சத்திரம்! அந்த மார்ச்சில் அது வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. சாயங்காலத்தில் வடமேற்கு வானத்தில். எட்டு மணி வெளிச்சங்கள் வந்ததும் அதே வடமேற்கிலிருந்துதான். வால்நட்சத்திரம் பார்க்கக் குடும்பத்தோடு வாசலில் நின்றவர்கள் கண்ணில் அவை நேராக வந்து விழுந்தன.

அந்த வால்நட்சத்திரத்துக்கு இன்னொரு துயரமும் உண்டு. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 26 அன்று, கலிஃபோர்னியாவில் ‘ஹெவன்ஸ் கேட்’ என்ற குழுவைச் சேர்ந்த 39 பேர் தற்கொலை செய்துகொண்டு கிடந்தார்கள். ஹேல்-பாப்புக்குப் பின்னால் ஒரு விண்கப்பல் வருகிறது என்று நம்பியவர்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவில் வானத்தைப் பற்றிய பேச்சு எந்தச் சூட்டில் இருந்தது என்பது இதில் தெரியும்.

அமெரிக்க அரசு விசாரித்ததா?

இல்லை. பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரித்துவந்த விமானப்படையின் ‘புராஜெக்ட் புளூ புக்’ திட்டம் 1969இல் மூடப்பட்டது. அதுவரை வந்த 12,618 தகவல்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை என்று கணக்குக் காட்டிக் கடையைக் கட்டிவிட்டார்கள். 1997இல் இப்படி ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ள அரசில் ஒரு மேசைகூட இல்லை. சியாட்டிலில் ஒரு தனியார் தகவல் மையம்தான் போன் எடுத்துக் குறித்துக்கொண்டது. இப்போது பென்டகனில் இதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது. அது 2022இல்தான் வந்தது.

ஆக, இது விளக்கம் கிடைத்த சம்பவமா இல்லையா?

பத்து மணி: கிடைத்துவிட்டது. எட்டு மணி: என்ன வகை என்பது தெரியும், யாருடையவை என்பது தெரியாது. அன்றைக்கு அரிசோனா வானத்தைக் கடந்த ராணுவ விமானங்களின் பதிவேட்டை யாராவது மார்ச் மாதமே எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. யாரும் எடுக்கவில்லை. ‘விளக்கம் இல்லை’ என்று சொல்லப்படுவதில் மிச்சம் இருப்பது இந்த ஓட்டைதான்.

நானே இப்படி ஏதாவது பார்த்தால் என்ன செய்வது?

ஜூம் செய்யாதீர்கள். ஜூம் செய்தால் கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் கிடைக்கும். வீட்டுக் கூரை, மின்கம்பம், தென்னை, ஏதாவது ஒன்று படத்துக்குள் வருவது போல போனைச் சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள். நேரம், நின்ற இடம், திசை, எந்தப் பக்கம் போனது என்பதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இருப்பவரும் இதையே செய்தால் இரண்டையும் வைத்துத் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஃபீனிக்ஸில் மலை விஷயம் தெரியவந்ததே எடுத்தவர் நின்ற இடம் தெரிந்ததால்தான்.

ஒரே வரிசையில் மணி கோத்த மாதிரி சத்தமில்லாமல் போனால் பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019இலிருந்து இதைத்தான் உலகம் முழுக்க மக்கள் பார்த்துப் பதறுகிறார்கள். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மேலே ஒளி விரிந்து பரவினால் ராக்கெட்டோ ஏவுகணையோ. 2022 டிசம்பர் 15 அன்று ஒடிசா கடற்கரையிலிருந்து அக்னி-5 ஏவப்பட்டபோது மேற்கு வங்கத்தில் பலரும் அந்த வெளிச்சத்தைப் படம்பிடித்துப் போட்டு என்னவென்று கேட்டார்கள்.

அப்புறம் ஃபீனிக்ஸில் மறுபடியும் வந்ததா?

வந்தது. 2007 பிப்ரவரி 6 அன்று மறுபடி வெளிச்சங்கள் தெரிந்தன, டிவியிலும் வந்தது. இந்த முறை லூக் தளம் தாமதிக்கவில்லை: எஃப்-16 விமானங்கள் பயிற்சியில் போட்ட வெளிச்சக் குண்டுகள் என்று சொல்லிவிட்டார்கள். 2008 ஏப்ரல் 21 இரவு நான்கு சிவப்பு வெளிச்சங்கள் சதுரமாகவும் முக்கோணமாகவும் வடிவம் மாற்றிக்கொண்டு நகரத்துக்கு மேலே மிதந்தன. விமானப்படை எங்களுடையது இல்லை என்றது, விமான நிலையமும் தெரியாது என்றது. மறுநாளே குட்டு உடைந்தது: ஊர்க்காரர் ஒருவர் ஹீலியம் பலூன்களில் சாலையோர எச்சரிக்கைத் தீப்பந்தங்களைக் கட்டி, நிமிடத்துக்கு ஒன்றாகத் தன் வீட்டிலிருந்து விட்டிருக்கிறார்.